இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்

மார்ச் 3, திங்கள்

இதை நான் கையால் எழுதவில்லை, வாயால் எழுதுகிறேன். மேஜைமேல் ஒரு மைக், எதிரே கம்ப்யூட்டர். நான் பேசப் பேச அது எழுத்தாக்குகிறது. தினமும் பத்து நிமிஷம் எதையாவது பேசினால் என் குரல் அதற்குப் பழகிவிடும் என்று பெனிட்டா சொன்னார். அவர் நாகர்கோவில்காரர். கண் தெரியாதவர். கை வராதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் கம்ப்யூட்டர் பழக்குவதுதான் அவர் வேலை, எனக்குப் போனிலேயே சொல்லித்தருகிறார். எதையாவது என்றால் எதை என்று கேட்டேன். டைரி எழுதுங்கள் என்றார். சரி, எழுதுகிறேன்.

என் பெயர் தாமோதரன். வயது ஐம்பத்துநாலு. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் பிரிவில் இருபத்தாறு வருஷம். பிரிவுக்கு நான்தான் தலைவன். நவம்பரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறி, விழுந்தேன். கழுத்தில் அடி. கால்கள் ஆறு வாரத்தில் திரும்பி வந்தன. கைகள் வரவில்லை. தோளில் இருந்து தொங்குகின்றன, அவ்வளவுதான். டாக்டர் 'பார்க்கலாம்' என்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், எனக்கு வேலை இருக்கிறது.

நேற்று சின்ன முதலாளி விஷ்ணுராம் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "ஓய்வு எடுத்துக்கலாமே சார்" என்றார். நான் சொன்னேன்: "ஏப்ரல் இருபத்தெட்டு ஆபீஸுக்கு வர்றேன். புதுசா ஒரு பம்ப் கேசிங் குடுங்க. நாலு மணி நேரத்துல டிராயிங் முடிச்சுத் தர்றேன். இன்னொருத்தர் கை படாது. அப்படிப் பட்டுட்டா, வேலைய விடறேன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்." அவர் கேட்காத நிபந்தனை, நானாகப் போட்டது. சலுகையில் வேலை பார்க்க எனக்குத் தெரியாது.

அப்போது என் வாயருகே டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி காபியைச் சட்டைமேல் சிந்திவிட்டாள். கவனக்குறைவு.

ஒரு விதி வைத்திருக்கிறேன். டைரி பேசும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும். பக்கத்தில் யார் பேசினாலும் மென்பொருள் அதையும் சேர்த்து எழுதிவிடுகிறது என்பது ஒன்று. டைரி அந்தரங்கம் என்பது இன்னொன்று. நான் சாத்த முடியாது என்பதால் அவள் வெளியே இருந்து சாத்திவிட்டுப் போகிறாள்.

மார்ச் 6, வியாழன்

டிவி ரிப்பேர். சர்வீஸ்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார், உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகுமாம். நல்லது. மைக்குக்கு ஒரு இடைஞ்சல் குறைந்தது. மிக்ஸியைக் காலை எட்டு மணிக்குள் ஓட்டி முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

கட்டளைகளை எனக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கினேன். மென்பொருளோடு வந்த கட்டளைகள் யாரோ நீளமாகப் பேசப் பிடித்தவர் வைத்தவை. நான் சுருக்கினேன். கோடு, வட்டம், வில், அளவு, அழி, திற, மூடு. மவுஸுக்குப் பதில் திரையை ஒன்பது கட்டமாகப் பிரிக்கிறது. 'ஐந்து' என்றால் நடுக் கட்டம். அதையும் ஒன்பதாகப் பிரிக்கும். நான்கு எண் சொன்னால் ஊசிமுனை அளவு இடத்தில் நிற்கலாம். இன்று ஐம்பது மில்லிமீட்டர் வட்டம் ஒன்று போட்டேன். விழுந்த பிறகு போட்ட முதல் வட்டம். மையப் புள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு தொல்லை. என் மனைவி கூடத்தில் அவள் தங்கையோடு போனில் பேசுகிறாள்: "அந்தப் பழைய நம்பரை அழி... அட, புதுசை மொதல்ல எழுதிக்கடீ." இங்கே என் வட்டம் போய்விட்டது. வீட்டுப் பேச்சுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. பெனிட்டாவிடம் சொன்னேன்.

"அதுக்கு ஒரு கூப்பிடு சொல் வைக்கணும் சார். அந்தச் சொல்லைக் கேட்டாத்தான் அது முழிச்சுக்கிடும். மத்த நேரம் காதைப் பொத்திக்கிட்டு இருக்கும், கேட்டியளா. நாலு அசையாவது இருக்கணும். வாயில சுலபமா வரணும். உங்க வீட்டுல யாரும் சாதாரணமாப் பேசுற சொல்லா இருக்கக் கூடாது."

எது பேசுகிறோம், எது பேசுவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி சொன்னார். மைக்கை ஒரு வாரம் கூடத்தில் வைத்தால் வீட்டில் பேசும் சொற்களை எண்ணி ஒரு பட்டியல் தருமாம். யார் பேசினார்கள், எதற்குப் பேசினார்கள் என்பதெல்லாம் இருக்காது. சொல்லும் எண்ணிக்கையும் மட்டும். "வீட்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வையுங்க சார்" என்றார்.

மைக்கைக் கூடத்தில் வைக்கச் சொன்னேன், எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு மாறிவிடும். மாதிரி கெட்டுப்போனால் அளவு எப்படிச் சரியாக வரும்?

மார்ச் 17, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. அருமையான கருவி.

'சரிங்க' இருநூற்றுப் பன்னிரண்டு முறை. அது அவள். 'இந்தா' நூற்று நாற்பத்துமூன்று. அது நான், அவளைக் கூப்பிட. 'தண்ணி' அறுபத்தொன்று. 'எங்க' முப்பத்தெட்டு. 'பொள்ளாச்சி' இருபத்திரண்டு, தங்கை ஊர். 'பட்டீஸ்வரா' பதினான்கு, விளக்கேற்றும்போது. 'பயம்' ஒன்பது. அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. டிவி சீரியலாக இருக்கும்.

நான் யோசித்து வைத்திருந்த இருபது சொற்களைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். 'நன்றி' பூஜ்ஜியம், ஆனால் இரண்டே அசை. 'மன்னிச்சுக்கோ' பூஜ்ஜியம், ஆனால் வாயில் சுலபமாக வராது. கடைசியில் எல்லாப் பொருத்தமும் உள்ள ஒரு சொல் அகப்பட்டது. நான்கு அசை. ஒவ்வொரு அசையும் தனித்துக் கேட்கும். வேறெந்தச் சொல்லோடும் குழம்பாது. ஏழு நாளில் ஒரு முறைகூட இந்த வீட்டில் சொல்லப்படவில்லை.

சாந்தாமணி.

என் மனைவியின் பெயர். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவை என்ன? தங்கைக்கு அவள் அக்கா. எனக்கு இந்தா. இருபத்தேழு வருஷமாக ஒரு குழப்பமும் வந்ததில்லை. பெனிட்டாவிடம் சொன்னேன். அந்தச் சொல்லை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "டெக்னிக்கலா ரொம்ப நல்ல சொல்தான் சார்" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

கூப்பிடு சொல்லை மென்பொருளுக்குப் பழக்க நாற்பது முறை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்து, தள்ளி நின்று, சத்தமாக, வேகமாக, மூக்கடைத்த மாதிரி. நான் தொடங்கிய நான்காவது முறையே அவள் வாசற்படியில் நின்றாள். கையெல்லாம் கோதுமை மாவு.

"கூப்பிட்டீங்களா?"

"உன்னை இல்ல. கம்ப்யூட்டரை."

காரணத்தை விளக்கினேன். வீட்டில் சொல்லாத சொல் வேண்டும், அதனால்தான் என்றேன். அவள் "சரிங்க" என்றாள். போகவில்லை, மாவு காய்ந்து உதிரும்வரை அங்கேயே நின்றாள். கடைசி ஐந்து முறை மெதுவாக, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று திரையில் வந்தது. சொன்னேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

மதியம் பீன்ஸ் பொரியல் அடிப்பிடித்திருந்தது. அவள் சமையலில் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச் 24, திங்கள்

பிரமாதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை முதல் அழைப்பிலேயே விழிக்கிறது. "சாந்தாமணி, கோடு." "சாந்தாமணி, அளவு." "சாந்தாமணி, எழுது" என்றால் இந்த டைரி திறக்கிறது. ஒரு நாளைக்கு எப்படியும் இருநூறு முறை சொல்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்காதபோது கொஞ்சம் கத்தவும் செய்கிறேன், மறுப்பதற்கில்லை.

முதல் மூன்று நாள் அவள் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். இப்போது வருவதில்லை. மென்பொருளைவிட வேகமாகப் பழகிக்கொண்டாள்.

மார்ச் 29, சனி

டிவி வந்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் பழைய டிராயிங் ஒன்றை முழுவதும் குரலாலேயே திரும்பப் போட்டேன். ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் குறைக்க வேண்டும். குறைத்துவிடுவேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஐந்து மணி நேரம். திருகு துளைகளுக்குத் தனிக் கட்டளை செய்தேன். "துளை ஆறு" என்றால் ஆறு துளையும் வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் உட்கார்ந்துகொள்கிறது. கையால் போட்ட காலத்திலேயே இவ்வளவு வேகமாகப் போட்டதில்லை.

அவள் என் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டாள். மதியம்வரை அப்படியே இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மைத்துனி பொள்ளாச்சியில் இருந்து வந்திருந்தாள். மாம்பழப் பச்சடி, பருப்புப் பாயசம். எனக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே இருந்ததில் என் மனைவி சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது.

மைத்துனிக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மாமா, கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கேட்டதில்ல. பொழுதன்னிக்கும் எங்கக்கா பேருதானாமே உங்க வாயில."

"யார் சொன்னது?"

"மாடி வீட்டு அம்மா. படியில பாத்தேன். 'உங்க மாமா அக்காவைத் தாங்கு தாங்குன்னு தாங்கறாரு, பேரச் சொல்லாம அவருக்கு மூச்சே வராது'ங்கறாங்க."

அது கம்ப்யூட்டருக்கு வைத்த சொல் என்று விளக்கினேன். மைத்துனியின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இவள் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மாடி வீட்டு அம்மா இதை இவளிடமும் பல நாளாகச் சொல்லியிருக்கிறாராம். இவள் திருத்தவே இல்லை. தவறான தகவல் என்று தெரிந்தும் ஏன் விட்டாள் என்று விளங்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நான்கு மணி நேரம் இருபது நிமிஷம்.

ஏப்ரல் 19, சனி

காலை பதினொன்றரைக்குக் காற்றாட அறையை ஒட்டிய பால்கனிக்குப் போனேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உருண்டைக் கைப்பிடி. முழங்கையால் திருகிப் பார்த்தேன், தாடையால் பார்த்தேன். நகரவில்லை. சித்திரை வெயில். காலில் செருப்பில்லை.

"இந்தா" என்று கூப்பிட்டேன். உள்ளே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாகக் கூப்பிட்டேன். வரவில்லை. அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"சாந்தாமணி!"

ஜன்னல் திறந்திருந்தது. மேஜைமேல் மைக் 'டிங்' என்றது.

"சாந்தாமணி, கதவைத் திற!"

கம்ப்யூட்டர் ஒரு டிராயிங்கைத் திறந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். மறுபடி கத்தினேன். இன்னொன்றைத் திறந்தது. மெஷின் நின்ற பிறகு சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டால் அவளுக்கும் நான் கேட்டிருப்பேன். எவ்வளவு கத்தினாலும் அவள் வரவில்லை, ஏன் வர வேண்டும்? நான் ஒரு மாதமாக அந்தப் பெயரை இப்படித்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது நிமிஷம். பன்னிரண்டு மணி தாண்டி மோர் கொண்டு வந்தவள் அறையில் ஆளைக் காணாமல் தேடிப் பார்த்துக் கதவைத் திறந்தாள். திரையில் பதினோரு டிராயிங் திறந்து கிடந்தன.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?"

"கேட்டுச்சுங்க. அதைத்தான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்."

என் பாதத்தைப் பார்த்தது அவள்தான். இரண்டு பாதத்திலும் கொப்புளம். விழுந்ததில் இருந்து எனக்குச் சூடு சரியாக உறைப்பதில்லை, அதனால் தெரியவில்லை. மருந்து தடவிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியலீங்களே, சுடறதுகூடத் தெரியலீங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. பால்கனியில் எனக்குப் பயமாக இருந்தது. வெயிலுக்கு இல்லை. கூப்பிட ஆள் இருந்தும் கூப்பிடுவதற்குச் சொல் இல்லாமல் போனதற்கு. இருந்த ஒரே சொல்லையும் எடுத்து மெஷினுக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அவளைக் கேட்காமல்.

அந்தப் பட்டியலை மறுபடி திறந்து பார்த்தேன். 'பயம்' ஒன்பது. மார்ச் இரண்டாம் வாரம் டிவி வீட்டிலேயே இல்லை. அவள்தான் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் ஒன்பது முறை, பக்கத்து அறையில். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று எழுத வந்தேன். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி.

பெனிட்டாவுக்குப் போன் செய்து கூப்பிடு சொல்லை மாற்ற வேண்டும் என்றேன்.

"இன்னும் எட்டு நாள்தானே சார் இருக்கு? புதுச் சொல்லுக்கு அது பழகணும், உங்க வாயும் பழகணும். வேகம் குறையும். பரீட்சை முடிஞ்சு மாத்துங்க."

"இப்பவே மாத்தணும்."

"சரி சார்" என்றார், சட்டென்று. அவர் காத்திருந்த மாதிரி இருந்தது.

வேறு சொல் தேடவில்லை. பட்டியலில் பூஜ்ஜியமாக இன்னொரு பெயரும் இருந்தது, போன தடவை நான் கவனிக்கவே இல்லை. அவளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் வீட்டு வழக்கம் அப்படி. நாற்பது முறை சொன்னேன். தாமோதரன். தாமோதரன். இனி யாரை அதட்டுவதானாலும் என்னையே அதட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஐந்து மணி நேரம். வாய் பழைய சொல்லுக்கே போகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துகிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான்கு மணி நேரம் ஐந்து நிமிஷம். நாளை முடித்துவிடுவேன். ஆபீஸில் மெஷின் இரைச்சல் இருக்கும், மேஜை மைக் உதவாது, தலையில் மாட்டும் மைக் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பெனிட்டா. நீலச் சட்டை. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 28, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அவள் தலையில் மைக்கை மாட்டிவிட்டு வெளியே பெஞ்சுக்குப் போய்விட்டாள். விஷ்ணுராமும் பிரிவில் எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். "தாமோதரன், வட்டம்" என்றதும் யாரோ சிரித்தார்கள். "தாமோதரன், அழி" என்றபோது விஷ்ணுராமே சிரித்துவிட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. கேசிங் என்னும் பம்ப் கூட்டின் வெளிவளைவு முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் சிரிப்பு இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு வியர்வையில் மைக் வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. கூப்பிட்டால் விழிக்கவில்லை. தோளால் தள்ளினேன். நாற்காலி முதுகில் தேய்த்தேன். இன்னும் இறங்கியது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொருவர் கை படாது என்று நான் போட்ட நிபந்தனை அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒருவரும் நகரவில்லை. பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. இருபத்தாறு வருஷம் நான் அதட்டிய அறையில் மைக்கைத் தாடையால் நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கூப்பிட்டேன். கத்தவில்லை. வெளிக்கதவு திறந்துதான் இருந்தது.

"சாந்தாமணி."

முழுப் பெயரும் வாயைவிட்டு வெளியே வருமுன் அவள் எழுந்துவிட்டாள். நேராக வந்தாள், மைக்கை ஏற்றினாள், முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், போய் உட்கார்ந்தாள்.

நான் விஷ்ணுராமைப் பார்த்தேன். "கை பட்டுருச்சுங்க. என் கண்டிஷன் உடைஞ்சுது."

"மைக்குலதான் சார் பட்டுச்சு. டிராயிங்ல படலையே. போடுங்க."

சலுகை எனக்குப் பிடிக்காது. ஆனால் அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. போட்டேன். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு முடித்தேன், எட்டு நிமிஷம் மிச்சம். அவரே உட்கார்ந்து ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்தார். ஒரு பிழை இல்லை. "மே அஞ்சாம் தேதி வந்துடுங்க சார்" என்றார். அவளிடம், "அம்மாவுக்கும் பக்கத்துலயே ஒரு நாற்காலி போடச் சொல்றேன்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க? வழுக்காத மைக்கா ஒண்ணு வாங்கிக் குடுங்க. எனக்கு வீட்ல நூறு வேலை கெடக்குது" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "நான் கம்ப்யூட்டரைக் கூப்பிடல, உன்னைத்தான்னு எப்படித் தெரிஞ்சுது? சொல்லை மாத்தினதை நான் சொல்லவே இல்லையே."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 

"கதவைச் சாத்தறதே நான்தானுங்க. அந்தக் கதவு சரியா ஒட்டாது. நீங்க டைரி பேசறது சமையல்கட்டுக்கு நல்லாவே கேக்கும்."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்துங்க. காபி கொட்டுனது கவனக்குறைவு இல்லீங்க. வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போறேன்னு சொன்னீங்கள்ல, அதுல கை ஆடிருச்சு."

இந்தா நூற்று நாற்பத்துமூன்று. பெயர் பூஜ்ஜியம். பயம் ஒன்பது, சீரியலாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறாள். பொத்தான் போட்டிருக்கிறாள். 

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அகலத் திறந்திருக்கிறது. அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், இங்கிருந்து தெரிகிறது.

பட்டியலில் இன்னொரு சொல்லும் பூஜ்ஜியமாக இருந்தது. வாயில் சுலபமாக வராது என்று தள்ளிவிட்டேன். இப்போதும் சுலபமாக வரவில்லை. சாந்தாமணி, மன்னிச்சுக்கோ. கேட்குதா?

கேக்குதுங்க கீரை ஆஞ்சுட்டு வர்றேன் டீ வேணுமா

கடைசி வரி நான் சொன்னதில்லை. பக்கத்தில் பேசியதையும் மென்பொருள் எழுதிவிட்டது. அழிக்க வேண்டுமா என்று திரையில் கேட்கிறது.

வேண்டாம் என்றேன்.